விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர்?

மே மாதம் பிறந்தால் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பிளாஸ்டிக் பைகள் வர ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே முதல் பை வந்துவிட்டது. உள்ளே ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், நாலாய் மடித்து மடிப்பில் கிழிந்த ஒரு சாதிச் சான்றிதழ். "ஐயா, பையனைக் காலேஜுல சேக்கணும். இதுல எதெல்லாம் வேணும்னு கொஞ்சம் பாருங்க."

நான் வாத்தியாரும் இல்லை, கல்வி அதிகாரியும் இல்லை. பாண்டிச்சேரி அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அறுபது வயதில் வீட்டுக்கு வந்தவன். மனைவியின் ஊர் கிள்ளை. நாலு தென்னை மரமும் ஒரு திண்ணை வீடும் இருந்ததால் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டோம். காகிதம் பார்க்கத் தெரிந்தவர் என்று எப்படியோ பெயர் வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் நம் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிக்கு மனுப் போடுகிற காரியத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பார்த்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் மார்க்கில் தோற்பதில்லை. காகிதத்தில் தோற்கிறார்கள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண். அப்பா உப்பங்கழியில் இறால், நண்டு பிடிக்கிறவர். அம்மா கூடையில் மீன் விற்கிறவர். பெண் பிளஸ் டூவில் 600-க்கு 500-க்கு மேல். கணக்கில் நல்ல மார்க். கடலூருக்கோ சென்னைக்கோ அனுப்ப வசதியில்லை. சி.முட்லூரில் இருக்கிற அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்று குடும்பமே தீர்மானித்துவிட்டது. நல்ல தீர்மானம். விண்ணப்பம் ஆன்லைனில். அரசு கலைக் கல்லூரிக்கான விண்ணப்பத்துக்குக் கட்டணம் 50 ரூபாய்தான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு வெறும் 2 ரூபாய். இவர்கள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 300 ரூபாய் கொடுத்துப் போட்டார்கள். கொடுத்தது போகட்டும், உழைப்புக்குக் கூலி. விண்ணப்பத்தில் ஓ.டி.பி. வர வேண்டுமே, அதற்குச் சென்டர்காரர் தன் நம்பரையே போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள், இவர்கள் வீட்டு போன் அப்பாவோடு படகில் போயிருக்கிறது.

தரவரிசைப் பட்டியல் வந்தது. கலந்தாய்வுக்கு இன்ன தேதி வா என்று தகவலும் வந்தது, சென்டர்காரர் போனுக்கு. அவர் போனில் அதுபோல நூற்றுக்கணக்கான தகவல்கள். பெண் தினமும் பக்கத்து வீட்டில் "மெசேஜ் வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள், வராத போனைப் பார்த்து. விஷயம் தெரிந்து ஓடியபோது கணிதத்தில் இடம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அடுத்த சுற்றில் வரலாறு கிடைத்தது. சேர்ந்துவிட்டாள். அப்படியும் சேராமல், "சரி, விதி" என்று சிதம்பரத்தில் துணிக்கடைக்கு வேலைக்குப் போன பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எனக்கும் இதே கதைதான் நடந்தது. 1969-ல்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954-லேயே பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்துவிட்டாலும், சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்டில். அதற்குள் என்னைப் போன்றவர்கள் பாதித் தூரம் பிரெஞ்சில் படித்து முடித்திருந்தோம். என் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவரைப் பார்த்து என் அப்பாவும் பிரெஞ்சை விடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். பிரெவே பரீட்சை பாஸ் செய்தேன். அப்புறம்தான் விழித்துக்கொண்டோம். சுற்றிலும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் பி.யு.சி.க்குப் போகிறான். ஒரு வருஷம் பி.யு.சி., பிறகு மூன்று வருஷம் பட்டம். நானும் ஒரு கல்லூரிக்கு மனுப் போட்டேன். எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம்.

கவுண்டரில் இருந்தவர் என் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்கப் பிரெஞ்சு. எல்லாப் பாடமும் 20-க்கு. பிரெஞ்சுக்காரன் 20-க்கு 20 யாருக்கும் போட மாட்டான், அது கடவுளுக்கு என்று எங்கள் வாத்தியார் சொல்வார். 12 வாங்கினாலே சுமாராக நன்று என்று சிறப்புக் குறிப்புப் போடுவார்கள், வீட்டில் பாயசம் வைப்பார்கள். அந்த மனிதர் பென்சிலை எடுத்து ஐந்தால் பெருக்கினார். 12 என்பது 60 ஆயிற்று, 11 என்பது 55 ஆயிற்று. "தம்பி, பாயிண்ட் அது இல்லை. இது எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வா" என்றார். பதினெட்டு நாள் அலைந்து, மொழிபெயர்ப்புக்குக் காசு கட்டி, சமம் என்று கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். கடைசித் தேதி முடிந்து மூன்றாம் நாள். அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். இடம்தான் இல்லை.

அடுத்த வருஷம் போடலாம் என்று இருந்தபோது அப்பா படுத்துவிட்டார். குமாஸ்தா வேலைக்குப் போனேன். பழைய பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரங்களைப் படிக்க ஆள் வேண்டியிருந்ததால், எந்தக் காகிதம் எனக்குக் கல்லூரியைத் தடுத்ததோ அதே மொழிதான் வேலையும் கொடுத்தது. பட்டம் வாங்கியது அப்புறம், எண்பதுகளில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979-ல் தொலைதூரக் கல்வி ஆரம்பித்தார்கள். ஆபீஸ் முடிந்து இரவில் படித்து வரலாற்றில் பி.ஏ. எழுதினேன். வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற கல்லூரி என்பதை நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் மட்டுமல்ல, அந்தப் பக்கமும் நான் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பிரிவு, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஒரு உதவித்தொகை மனு, கடைசி நாள், மாலை நாலரை மணி. தகப்பனார் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பையன், "அப்பா இல்லை சார், அம்மா போடலாமா" என்றான். படிவத்தில் தகப்பனார் என்றுதான் அச்சடித்திருந்தது. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரியைக் கேட்டிருக்கலாம், பத்து அடி தூரத்தில்தான் அவர் அறை. கேட்கவில்லை. அந்தப் பையன் மனுவை ஒழுங்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே குமாஸ்தாக்கள் மனசு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. குமாஸ்தாவின் மனசை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பை வைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சென்டர்காரரின் மனசையும்தான்.

இன்றைக்கு அரசாங்கம் கொடுப்பது கொஞ்சம் இல்லை. இதை நம் வயதுக்காரர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். 1984-ல் கொண்டுவந்த நுழைவுத் தேர்வு, கிராமத்துப் பிள்ளைகளை ஒதுக்குகிறது என்று 2006-ல் சட்டம் போட்டு எடுத்தார்கள். 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் இன்ஜினீயரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் என்று ஒதுக்கினார்கள். அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. 2022 முதல் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். ஆனால் இதில் எதுவும் பிள்ளையைத் தேடி நேராக வீட்டுக்கு வராது. ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

7.5 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. பக்கத்தில் இருக்கிறது என்று ஆறும் ஏழும் உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்த பையன், பிளஸ் டூ முடித்த பிறகுதான் தனக்கு அது கிடையாது என்று தெரிந்துகொள்கிறான். பத்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன பள்ளிக்கூடம், பதினேழு வயதில் வந்து குறுக்கே நிற்கிறது. இதை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே பெற்றோரிடம் சொல்ல வேண்டாமா?

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழும் அப்படியே. இன்ஜினீயரிங் போன்ற படிப்புகளில் கலந்தாய்வு மூலம் சேருகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணச் சலுகை தருவது அது. வீட்டில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவருக்குத்தான் கிடைக்கும். அக்காள் வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை.

நம் கிள்ளையில் இருளர் குடியிருப்புப் பிள்ளைகளின் பாடு தனி. எஸ்.டி. சாதிச் சான்றிதழ் தாசில்தார் அளவில் முடிகிற காரியம் அல்ல. 1989 நவம்பருக்குப் பிறகு கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துத் தர வேண்டியது. அப்பாவிடம் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்கு எளிது. அப்பாவிடமே இல்லை என்றால் விசாரணை, வாக்குமூலம், நாள் பிடிக்கும். நண்டு பிடித்து வயிற்றைக் கழுவுகிறவர் அந்தக் காலத்தில் எதற்காகச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கப்போகிறார்? இதை மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பித்தால், கல்லூரி திறந்து தீபாவளி லீவும் விட்டுவிடுவார்கள்.

என் கட்சி இதுதான். சான்றிதழ் வேலை பதினோராம் வகுப்பில், பள்ளிக்கூடத்திலேயே நடக்க வேண்டும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி இவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஆளுக்கு அறுபது ரூபாய் கட்டி ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக அலைவதை விட, வருவாய்த் துறையினர் இரண்டு நாள் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தால் முடிந்துவிடும் காரியம் அது. பிளஸ் ஒன்னில் பிள்ளைக்குப் பொழுதும் இருக்கிறது, நிராகரித்தால் மறுபடி போட நாளும் இருக்கிறது. (வருமானச் சான்றிதழை மட்டும் பிறகு புதுப்பிக்க வேண்டியிருக்கும்.) 'கல்லூரிக் கனவு' என்று நிகழ்ச்சி நடத்துகிறார்கள், 'உயர்வுக்குப் படி' என்று சேராமல் விட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்க்கிறார்கள். இரண்டுமே நல்ல காரியம். மேடையில் பேசுகிற நேரத்தில் பாதியை ஃபைல் பார்க்கச் செலவழித்தால் இன்னும் நல்ல காரியம்.

இரண்டாவது, போன் நம்பர். நம் கடற்கரை ஊர்களில் போன் தண்ணீரில் விழும், சிம் மாறும், ரீசார்ஜ் பண்ணாமல் நம்பரே போய்விடும். ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்காவது வீட்டில் ஒரு நம்பர் அசையாமல் இருக்க வேண்டும். அது கரையில் இருக்கிறவரின் நம்பராக இருக்க வேண்டும், கடலுக்குப் போகிறவர் நம்பராக அல்ல. பள்ளியில் ஒரு ஆசிரியரின் நம்பரையும் இரண்டாவதாகப் போட வழி செய்தால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்?

மூன்றாவது, விருப்ப வரிசை. இன்ஜினீயரிங் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போட்டு ரேங்க் தருகிறார்கள். முன்பெல்லாம் சென்னைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். கண் முன்னால் பலகையில் இடம் குறைந்துகொண்டே வரும். 2018 முதல் ஆன்லைன். கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகப் பதிய வேண்டும். இங்கேதான் ஒரு தப்பான எண்ணம் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. "பெரிய காலேஜை முதலில் போட்டால் அது கிடைக்காது, அதனால் சான்ஸ் வீணாகிவிடும், கிடைக்கிறதை முதலில் போடு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். படித்தவர்களே சொல்கிறார்கள்.

அப்படி இல்லை. மீன் வாங்கப் பையனை அனுப்புகிறீர்கள். "முதல்ல வஞ்சிரம் கேளு. இல்லேன்னா கொடுவா. அதுவும் இல்லேன்னா மடவை வாங்கிட்டு வா" என்று சொல்கிறீர்கள். வஞ்சிரம் கேட்ட குற்றத்துக்காக யாரும் அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்புவதில்லை. அவன் முறை வரும்போது கூடையில் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதில் நீங்கள் சொன்ன வரிசைப்படி முதலாவது கிடைப்பது. கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. வாயைத் திறந்து வஞ்சிரம் கேட்காமல் மடவையை முதலில் சொல்லிவிட்டால், கூடையில் வஞ்சிரம் இருந்தாலும் மடவைதான் வரும். அதனால் உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போட வேண்டும், பட்டியல் நீளமாகவும் இருக்க வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்து, நோட்டில், பிள்ளையின் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போய்த்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பையனுக்குச் சென்டரிலேயே இருபது கல்லூரிப் பெயரை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் பஸ்ஸின் பின்புறத்தில் விளம்பரம் வருகிற கல்லூரிகள்.

பிரான்சில் எப்படி என்று என் சித்தப்பா மகனிடம் கேட்டேன். அவன் குடும்பம் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறது, பேரன் இப்போதுதான் கல்லூரிக்குப் போனான். அங்கே 2018 முதல் 'பார்க்கூர்சூப்' என்று ஒரு இணைய ஏற்பாடு. ஒவ்வொரு விருப்பத்துக்கும் அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'வோ'. பிரெஞ்சில் அதற்கு ஆசை என்றும் அர்த்தம், வேண்டுதல் என்றும் அர்த்தம். எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் மாதாவுக்குச் செய்கிற நேர்ச்சைக்கும் அதே சொல்தான்! அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டில், 2017-ல், கூட்டம் அதிகமான படிப்புகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு நாடே சிரித்தது. அதனால் மாற்றினார்கள். புதியதில் வரிசை போடச் சொல்லவில்லை. விளைவு, நல்ல மார்க் உள்ளவனுக்கு ஐந்தாறு இடத்தில் கூப்பிட்டுவிடுகிறார்கள். அவன் முடிவு சொல்லும்வரை பின்னால் நிற்கிறவன் 'காத்திருப்பு' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஏற்பாடு மேல் என்று அவனிடம் சொன்னேன். அங்கே ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று பிள்ளை ஒரு கடிதமும் எழுத வேண்டுமாம். "எழுதினது யாரு, பேரனா?" என்று கேட்டேன். "அவன் அம்மாதான் அண்ணே" என்றான். இங்கே சென்டர்காரர், அங்கே அம்மா.

காலை நடைக்கு வருகிற என் நண்பர் ஒருவர், ரிட்டயர்டு மின்வாரியம், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாரும் காலேஜ் போய் என்ன சார் ஆகப்போவுது? டிகிரி வாங்கிட்டு ஸ்விக்கியில சாப்பாடு கொண்டுபோறான்" என்றார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்ஜினீயர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். வேலை இல்லாத் திண்டாட்டம் உண்மைதான். அதற்காக மனுவைப் பறிப்பதா மருந்து? 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 47 பேர் மேற்படிப்பில் இருக்கிறார்கள், நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 28 பேர்தான். அந்த 47-ல் நம் முடசல் ஓடையிலிருந்தும் எம்.ஜி.ஆர். திட்டிலிருந்தும் எத்தனை பேர் என்று அவரைக் கேட்டேன். பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார். டிகிரி வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பிள்ளை யோசித்து முடிவு பண்ணட்டும். தேதி தவறியதால் முடிவாகக்கூடாது.

போன வருஷம் வரலாற்றில் சேர்ந்த பெண் இப்போது இரண்டாம் வருஷம் போகப்போகிறாள். இந்த மே மாதம் என் திண்ணையில் அவளும் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுடைய ஃபைலை வாங்கி, முதல் கேள்வியாகப் போன் நம்பரைத்தான் கேட்கிறாள். அவளைப் பார்த்து, "உனக்குக் கணக்கு போச்சேம்மா" என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"நீங்களும் பி.ஏ. ஹிஸ்டரிதானே தாத்தா" என்றாள்.

அன்று வந்திருந்த பையனுக்கு எஸ்.டி. சான்றிதழ் இன்னும் வரவில்லை. அவன் அப்பாவின் பெரியம்மா மகன் ஒருவர் சிதம்பரத்தில் பழைய சான்றிதழ் வைத்திருக்கிறாராம். நாளைக் காலை ஏழே கால் பஸ்ஸுக்கு நாங்கள் மூன்று பேரும் போகிறோம்.